இடுப்பில் ஒளித்த வாடாமல்லிச் சேலை

என் அன்புக்கும், என் முதுகில் விழுந்த அடிகளுக்கும் ஒரே சொந்தக்காரியான அக்கா,

சௌக்கியமா என்று கேட்டு நேரத்தை வீணாக்கப் போவதில்லை. உன்மேல் ஒரு விசாரணை இருக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்கிறேன், பதிலை யோசித்து வை.

போன மாதம் உன் மகள் மலர் குறிஞ்சிப்பாடியிலிருந்து போன் செய்தாள். "மாமா, அம்மா சேலயெல்லாம் எடுத்துக்கினு சிதம்பரம் போறேன். ஒரு வாரம் அங்கியே தங்கி கிளாசு. சேலய சதுரம் சதுரமா வெட்டி, ஒட்டுப்போட்டு, உள்ள பஞ்சு வச்சி போர்வை தைக்கணும்" என்றாள். என் அலறலில் முதுநகர் ஜங்ஷனில் நின்றிருந்த ரயில் சிக்னல் இல்லாமலே கிளம்பிவிட்டது.

போர்வையா? சிதம்பரத்தில் பனிக்கட்டியா கொட்டுகிறது? நீ போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உன் சேலைக்குக் கத்தரியா? பீரோவைக் காலி செய்ய வழி பார்க்கிறாளோ? எனக்குச் சந்தேகம் கிளம்பினால் ஊர்கொள்ளாது, உனக்குத் தெரியும்.

ஆனால் என்னைக் கிளப்பிவிட்டது வேறு. அந்த வாடாமல்லிக் கலர் சேலை. கல்யாணமான புதிதில் மாமா உனக்கு முதன்முதலாக எடுத்துக் கொடுத்தது. நான்தான் பெரிய மனுஷனாட்டம் கரிப்பெட்டியை வைத்து இஸ்திரி போட்டேன். பராக்குப் பார்த்த நேரத்தில் அரச இலை அளவுக்குக் கருக்கிவிட்டேன். நீ என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "மாமாகிட்ட சொல்லாதடா. நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாய். அதன்பின் எத்தனை வருஷம், கட்டும்போதெல்லாம் அந்தக் கருகலைக் கொசுவத்துக்குள் மடித்து மறைத்தாய். மாமா கடைசிவரை பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சேலையைப் பத்துப் பேர் முன்னால் மேசையில் விரித்தால் என் மானம் என்ன ஆவது?

கிளம்புகிற அன்று காலையில் மலர் வீட்டில் ஆஜரானேன். "நானும் வரேன்" என்றேன்.

"எதுக்கு மாமா? நீங்க ஒரு பட்டன் தச்சதில்ல."

"காவலுக்கு."

"யாருக்கு?"

அவள் காபி போடப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை உருவிவிட்டேன். எங்கே ஒளிப்பது? என்னிடம் இருந்ததோ ஒரு மஞ்சப்பை. குளியலறைக்குள் போய் ஆறு கஜத்தையும் இடுப்பில் சுற்றி, மேலே வேட்டியைக் கட்டிக்கொண்டேன். என் துணிகளை அவளே துவைக்க எடுப்பதால் சிதம்பரத்திலும் அது இடுப்பை விட்டு இறங்க வழியில்லை. குளிக்கும்போது மட்டும் ஆணியில் தொங்கும். வெந்து போனேன் அக்கா. என் வேர்வையில் கொள்ளிடம் கரை புரண்டது.

பதினோரு பெண்கள், நான் ஒருத்தன், புதுச்சேரியிலிருந்து வந்த டீச்சரம்மா ஒருத்தர். அந்த அம்மா அதிர்ந்து பேசவே இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. முதல் நாள் மலர் உன் நீலச் சேலையை விரித்து, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாடு வரைக்கும் ஒரு நூல்கூட வெட்டவில்லை. டீச்சரம்மாவும் அவசரப்படுத்தவில்லை. பீரோவைக் காலி செய்ய வந்தவள் இப்படியா உட்காருவாள் என்று எனக்கே உறுத்தியது. ஆனாலும் உளவு வேலையை விடவில்லை.

மறுநாள் மலர் என் வயிற்றையே பார்த்தாள். "என்ன மாமா, திடீர்னு தொப்ப போட்டுட்டீங்க?"

"எல்லாம் சிதம்பரத்து கொத்சு."

"ரெண்டே நாள்லயா?"

நான்காம் நாள் வெட்டிய சதுரங்களைத் தரையில் பரப்பி வரிசை பார்க்கச் சொன்னார்கள். மலர் எல்லாவற்றையும் அடுக்கி, நடுவில் மட்டும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். இது என்ன சூழ்ச்சி என்று குனிந்தேன் பார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சார், வால் தொங்குது!"

வேட்டிக்கடியில் இருந்து வாடாமல்லி முந்தானை ஒரு முழம் தரையில் புரண்டுகொண்டிருந்தது. கூடமே குலுங்கியது. நடராஜரே தூக்கிய காலை ஒரு நிமிஷம் இறக்கி வைத்துச் சிரித்திருப்பார்.

மலர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "ரெண்டாம் நாளே தெரியும் மாமா. நீங்களா குடுப்பீங்கன்னுதான் நடுக்கட்டத்த வுட்டு வச்சிருக்கேன். அந்தக் கருகுன எடந்தான் வேணும்."

"எந்தக் கருகல்? யார் சொன்னா?"

"அம்மாதான். ஆஸ்பத்திரில இருந்தப்ப. நீங்க முழிச்ச முழிய நடிச்சிக் காட்டிச்சி. சிரிச்சி சிரிச்சி மூச்சு வாங்குது, நர்ஸ் வந்து சத்தம் போடறாங்க. அதுக்கப்புறம் அம்மா அப்டி சிரிக்கவே இல்ல மாமா."

குளியலறைக்குப் போய்ச் சேலையை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். முகத்தையும் அதிலேயே துடைத்தேன், வேர்வைதான் என்று வைத்துக்கொள். மலர் கத்தரியை என் கையில் கொடுத்தாள். கருகலைச் சுற்றி நான்தான் வெட்டினேன். கோணல்மாணலாக வெட்டியதை டீச்சரம்மா சரி செய்தார்.

ஏழாம் நாள் எல்லோரும் தைத்து முடித்ததை விரித்துக் காட்டினார்கள். உன் மகள் போர்வை நடுவில், கருகல் தெரிய, ஓட்டுத்தையல் போட்டு உட்கார்ந்திருக்கிறது என் குற்றம். நான் தைத்தது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க ஒரு கைப்பிடித் துணி. டீச்சரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது மேல்பக்கம் என்று என்னிடமே கேட்டார்.

இப்போது விசாரணைக்கு வருவோம். மலரிடம் சொன்னாய், சரி. வேறு யாரிடம் சொன்னாய்? ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா தன் புதுச் சட்டையை என்னிடம் நீட்டி, "என்னா மச்சான், இஸ்திரி போட்டுத் தரியா?" என்று மீசைக்குள் சிரிப்பாரே, அதற்கு என்ன அர்த்தம்? அந்த மனுஷருக்கு எந்த வருஷத்திலிருந்து தெரியும்? இத்தனை காலமும் நான் ஒருத்தன்தான் அதை ரகசியம் என்று காப்பாற்றினேனா?

மிச்சச் சேலை என்னிடம்தான் இருக்கிறது. இனி இடுப்பில் இல்லை, மடித்து என் பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன். மலர் அந்தப் போர்வையைத் துவைக்கும்போதெல்லாம் குறிஞ்சிப்பாடிக்குப் போய் ஒரு முனை பிடித்துப் பிழிந்து, காயவைத்து, மடித்துக் கொடுப்பேன். இஸ்திரி மட்டும் போடமாட்டேன். உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்ளும் உன் தம்பி