திரை அணைந்த பிறகு நடந்தது

கருமத்தம்பட்டி,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புக் கண்ணு பிரவீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் பாவாத்தாள் அத்தையும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளை சுரேந்தரும், இன்னும் பெயர் வைக்காத சின்னக்குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க அவிநாசியப்பர் துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது இந்த மனுசனுக்குக் கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ சாப்டீங்களாப்பா என்கிறாய், நான் சாப்பிட்டேன் சாமி என்கிறேன், அதற்கு மேல் ரெண்டு பேருக்கும் வண்டி நகர மாட்டேன் என்கிறது. உன் அம்மாவின் பழைய நூல் சேலைகளைக் கிழித்து, பிள்ளைக்கு இடுப்புத்துணியாக மடித்து வைத்திருக்கிறாள் அத்தை. அந்தப் பார்சலோடு இதையும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. தறி ஓடுகிறது. நூல் விலை வழக்கம்போல ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கிறது. முன்வாசல் பைப் ஒழுகுவதை இன்னும் சரிசெய்யவில்லை, வாளி வைத்திருக்கிறேன். உன் அம்மா போய் மூன்றாவது மாதம் நடக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது. வலி என்று சொல்ல முடியாது, வலி இல்லை என்றும் சொல்ல முடியாது. அத்தை எது வைத்தாலும் சாப்பிடுகிறேன். ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் குழம்பு வைத்துப் பார்த்திருக்கிறாள், நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக் கைகழுவி எழுந்துவிட்டேனாம். அன்றைக்கு அவள்தான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை கண்ணு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட வரவில்லை. ராசாத்தாள் புருசனுக்குக் கல்நெஞ்சு என்று ஊருக்குள் பேசுவதாகவும் கேள்வி, பேசட்டும்.

இப்போது எழுத வந்த விசயம். காரியம் முடிந்த அன்றைக்கு நீ போனில் ஒன்று கேட்டாய். அப்பா, அத்தை சொன்னாங்கன்னு வீடியோவக் கட் பண்ணச் சொல்லீட்டீங்களா என்று. நான் பதில் பேசவில்லை. பேசக்கூடாது என்று இல்லை, அப்போது யார் எது கேட்டாலும் என் வாய் திறக்காமல்தான் கிடந்தது. நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து நீ வீடியோ போடுவதில்லை, குரல் மட்டும்தான் வருகிறது. குட்டி பிறந்தபோதும் மாப்பிள்ளைதான் படம் அனுப்பினார், அதிலும் துணி சுற்றிய பொட்டலமும் ஒரு மூக்கும்தான் தெரிந்தது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏழு மாசத்தில் பிரசர் என்று டாக்டர் விமானம் ஏற விடவில்லை, பெற்றவள் முகத்தைத் திரையிலாவது கடைசிவரைக்கும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் திரையும் அணைந்தால் என்ன நினைக்கத் தோன்றும். ஆனால் நீ நினைப்பது நடக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் டேப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது சரியானால்தான் உனக்கு எழுதுவது என்று நான் வைராக்கியமாக இருந்தேன்.

நீ போன வருசம் வந்தபோது, உன் முகம் பார்த்துப் பேச அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த அதே டேப்தான். அம்மாவை எடுத்த அன்றைக்கு அது சேற்றில் விழுந்து மிதிபட்டு, கண்ணாடி நொறுங்கி, நடுவில் வளைந்துபோயிருந்தது. வந்த சனமெல்லாம் போன பிறகு நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். தறி மேல் படிகிற பஞ்சை ஊதித் தள்ளத் தறிக் குடோனில் ஏர் அடிப்போமே, அந்தக் கம்ப்ரசர் பைப்பை டேப்பில் வைத்தேன். நமக்குத்தான் எதுவானாலும் ஏர் ஆயிற்றே. பேன் அழுக்கானாலும் ஏர், மொபெட் கிளம்பாவிட்டாலும் ஏர், நீ பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்த ஒருநாள் உன் தலைக்கே ஏர் அடிக்கப் போய் உன் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா. உள்ளே நிற்கிற தண்ணீரை ஊதித் தள்ளிவிடலாம் என்று கண்ணாடி இடுக்கில் வைத்து அழுத்தினேன். திரை வாயைப் பிளந்துகொண்டு மேலே எழும்பியது, அடியில் ரிப்பன் மாதிரி இருந்த ஒயரும் பிய்ந்துவிட்டது. பிறகு அப்படியே ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டேன்.

குட்டி பிறந்த சேதி வந்த மறுநாள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு உக்கடத்துக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரம்ஷா என்று ஒரு பெண் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும். அங்கே கேட்டுப் பாருங்கள் என்று நம் நூல் ஏவாரி சொல்லியிருந்தார். திறந்து பார்த்தவள், ஏனுங்க சார், தண்ணியில உழுந்துதுன்னுதான சொன்னீங்க, உள்ள ஒரு தலகாணிக்கு ஆகற அளவுக்குப் பஞ்சு கெடக்குதுங்களே என்றாள். ஏர் அடித்ததைச் சொன்னேன். சத்தமாகச் சிரித்தாள், பிறகு நான் சிரிக்கவில்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள். இதச் சரிபண்றதுக்குப் புதுசே வாங்கிப்போடலாங்க, படமெல்லாம் வேணும்னா அத மட்டும் எடுத்துத் தந்தர்றனுங்க என்றாள். செட்டுதான் வேணுமுங்க அம்மணி, என் பொண்ணு இதுலதான் கூப்புடும் என்றேன். புது டேப்பிலும் நீ கூப்பிடலாம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நான் பல தடவை உக்கடம் போய் வந்தேன். ஒரே போக்கில் முடியவில்லை. முதலில் வந்த திரை கம்பெனி சரி, மாடல் வேறு, பொருந்தவில்லை. அடுத்தது இன்னொரு செத்துப்போன டேப்பிலிருந்து கழற்றிய திரை, அதன் கீழ் மூலையில் யாரோ கீறிய ஒரு கோடு இருக்கிறது, பரவாயில்லை என்று சொன்னேன். பேட்டரி பொரித்த அப்பளம் மாதிரி உப்பியிருந்தது, அதை மாற்றினாள். சார்ஜர் குத்துகிற இடம் பச்சையாகத் துரு ஏறியிருந்தது, அதையும் மாற்றினாள். முதுகுத் தகடு வளைந்ததால் இனி மூடாது என்று வேறு ஒரு கறுப்புத் தகடு போட்டாள். பழைய வெள்ளித் தகட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாங்கி வந்திருக்கிறேன். ஆயுத பூசைக்குத் தறிக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு உன் அம்மா டேப்பின் முதுகிலும் சந்தனம் வைத்தாளே, அது பாதி உதிர்ந்தும் பாதி ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. குடோனில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அங்கே ஏர் அடிக்க வேண்டாம் என்று தறிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆக அம்மா வைத்திருந்ததில் இப்போது மிச்சம் உள்ளே இருக்கிற போர்டு மட்டும்தான். படமெல்லாம் அதுலதானுங்க இருக்குது, அது பொழச்சுக்கிச்சுங்க என்றாள் ரம்ஷா.

கடைசியாகப் போன அன்றைக்கு அவள் பட்டனை அமுக்கினாள், வெளிச்சம் வந்தது. உன் அம்மா எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினாள். பாதிக்கு மேல் மேலே சுற்றுகிற பேன், மீதி அவளுடைய தாடை. நீ பேசிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் எதையோ அமுக்கியதில் உன் நெற்றி மட்டும் விழுந்த படம் ஒன்று. நான் அழுவேன் என்று ரம்ஷா ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தண்ணீரும் எடுத்து வைத்தாள். வரவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, நல்லா இரு சாமி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். புதுத் திரையில் எல்லாம் கொஞ்சம் மஞ்சள் தட்டித்தான் தெரிகிறது. குட்டியைக் காட்டும்போது நான் காமாலை என்று பயந்து கீழாநெல்லி அரைக்கச் சொன்னால் நீ கண்டுகொள்ளாதே.

இனி அன்றைக்கு நடந்தது. அம்மாவை வாசலில் பெஞ்சில் கிடத்தியதையும், உன் மாமன் கோடிச்சேலை கொண்டுவந்து போர்த்தியதையும் நீ பார்த்தாய். உன்னைப் பிளாஸ்டிக் சேரில் அம்மாவின் கால்மாட்டில் வைத்திருந்தோம். அத்தை சொன்னதும் நிஜம்தான். வயித்துப்புள்ளக்காரி எழவப் பாக்கக்கூடாதுங்ணா, அத மூடிப்போடுங்க என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள், அது உன் காதிலும் விழுந்திருக்கும். அவங்கம்மாவ அவ பாக்கட்டும் என்று நான் சொன்னது விழவில்லை போலிருக்கிறது, பறைச் சத்தம் அப்படி. அதற்குப் பிறகு அத்தை வாயைத் திறக்கவில்லை. ஐப்பசி மழையில் வாசல் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது, அதன்மேல் பெண்கள் குடம் குடமாக அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சேரின் கால் சேற்றில் இறங்கிச் சாய்ந்தது, டேப் குப்புற விழுந்தது. அதே நேரம் பாடையைத் தூக்கிவிட்டார்கள். நாலு பக்கமும் ஆட்கள் முண்டியடித்ததில் யார் கால் பட்டது என்று யாருக்கும் தெரியாது. இதுதான் நீ இருட்டாகப் பார்த்தது. யாரும் உன்னை அணைக்கவில்லை.

அப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். நான் கொள்ளிச்சட்டி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். நம் தெருவில் ஒவ்வொரு குடோனாகத் தறியை நிறுத்தினார்கள், நாங்கள் கடந்து போகப் போக முன்னால் இருக்கிற சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. அந்தத் தெருவில் பகலில், பறை ஓய்ந்த இடைவெளியில், என் காலடிச் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். சட்டி எடுத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். பாடைக்குப் பக்கத்திலேயே உன் அத்தை வந்துகொண்டிருந்தாள், ரெண்டு கையிலும் டேப்பை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, அதன் முகத்தை உன் அம்மா பக்கம் திருப்பி. சேற்றிலிருந்து அதை எடுத்து முந்தானையில் துடைத்திருக்கிறாள். அது அணைந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை, சேறு பூசிக் கறுப்பாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். பாத்துக்க சாமி, உங்கம்மா மஞ்சளும் பூவுமாப் போறா, நல்லாப் பாத்துக்க என்று அந்த நொறுங்கின கண்ணாடியிடம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மூடச் சொன்னவளும் அவள்தான், காட்டியவளும் அவள்தான். பெண்கள் திரும்பிப் போகிற அரிச்சந்திரன் கல் வந்ததும் என்னைப் பார்த்து, புள்ள இன்னும் பாக்குதுங்களாண்ணா என்று கேட்டாள். பாக்குது என்று சொன்னேன். பாடை கிளம்பிய பிறகு அன்றைக்கு நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

சுடுகாட்டுக்கு உள்ளே விறகு ஈரமாக இருந்ததால் முதலில் புகைதான் வந்தது, நெய் ஊற்றிய பிறகு பிடித்தது. கொள்ளி வைத்தது நான். முகத்தை மூடுகிறவரை உன் அம்மாவின் நெற்றியில் குங்குமம் கலையவில்லை, முகம் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. நீ பார்க்காமல் போனது இவ்வளவுதான் கண்ணு. வீட்டுக்கு வந்த பிறகுதான் டேப் செத்துக் கிடப்பது அத்தைக்குத் தெரிந்தது. என் வாய்தாங்ணா அத முழுங்கிப்போட்டுது என்று தலையில் அடித்துக்கொண்டாள். இப்போதும் உன் போன் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள், நீ அவள்மேல் வருத்தமாக இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரியும். குட்டி பிறந்துவிட்டதால் இனிமேல் எதைப் பார்த்தாலும் உனக்குத் தோசம் இல்லையாம், அதையும் உனக்கு எழுதச் சொன்னாள்.

டேப்பைக் கூடத்தில் அதே சேரில் வைத்திருக்கிறேன், சேரை நன்றாகக் கழுவிவிட்டேன், இந்தத் தடவை காலுக்குக் கீழே பலகையும் கொடுத்திருக்கிறேன். காலையில் குளித்ததும் அத்தை அதற்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், ஏன் என்று நான் கேட்பதில்லை. நீ கூப்பிடு சாமி. பேசத் தோன்றாவிட்டால் பேச வேண்டாம், குட்டியைக் காட்டிக்கொண்டிரு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அப்போதாவது அழுகை வருகிறதா என்று பார்க்கலாம்.

குளிரில் காதைக் கட்டிக்கொள், பச்சை உடம்பு. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஆல்போல் தழைத்து நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். இடுப்புத்துணியை ஒருதரம் வெந்நீரில் அலசிவிட்டுக் கட்டு, அம்மா வாசம் கொஞ்சம் போய்விடும், ஒன்றை மட்டும் அலசாமல் வைத்துக்கொள். இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை அணைந்தால் இங்கே கரண்ட் போயிருக்கும், இல்லை ரம்ஷா ஒட்டியது விட்டிருக்கும். நான் அணைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நஞ்சுண்டன்