ஈயச் சொம்பின் வெள்ளை வளையம்

12 மே 1991, ஞாயிறு

இன்று எங்கள் கிணற்றில் தூர் வாரினார்கள். சேற்றோடு அம்மாவின் ஈயச் சொம்பு மேலே வந்தது. ரசம் வைக்கிற சொம்பு. ஆறு வருஷத்துக்கு முன் அது காணாமல் போனபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தைதான் எடுத்துப் போனாள் என்று அம்மா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சொம்பின் மேல் மெல்லிய கருப்புப் படிவு. வெயிலில் பொடிப்பொடியாக மின்னியது. வெகுகாலம் நல்ல தண்ணீரில் கிடக்கும் வெள்ளீயத்தில் இப்படி ஒரு கனிமம் விளையும் என்று லைப்ரரிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். நான் தூங்கிய இரவெல்லாம் இருட்டுக்குள் அது விளைந்துகொண்டே இருந்திருக்கிறது.

கழுத்தில் மட்டும் ஒரு வெள்ளை வளையம். ஏழு வயதில் தலைப்பிரட்டை பிடிக்க நான் ரிப்பன் கட்டிக் கிணற்றில் இறக்கிய இடம். அன்று ரிப்பன் அறுந்தது; கழுத்தைச் சுற்றி நின்ற துண்டு மூடியிருந்ததால் அங்கே மட்டும் கருப்பு படியவில்லை.

"எல்லாம் உங்க அத்தை வேலைதாம்ட்டி. கொண்டுபோகப் பயந்து கிணத்துல போட்டுருக்கா" என்று அம்மா புளியோடு உட்கார்ந்தாள்.

"வெளக்காதம்மா!"

"ஏன், இதுக்கும் பாடம் நடத்தப் போறியா?"

வளையத்தைக் காட்டி எல்லாம் சொன்னேன். அம்மா திட்டவில்லை. புளியைக் கீழே வைத்தாள்.

"மதினிய எம்புட்டு பேசிட்டேன்" என்றாள். "காலைல பஸ்ஸுக்குக் கிளம்பு. நீயே அவியகிட்ட சொல்லு."

விளக்காத சொம்பு என் தலைமாட்டில் பைக்குள் இருக்கிறது. தொட்டால் இன்னும் கிணற்றுக் குளிர்ச்சி. அத்தை கதவைத் திறந்ததும் முதலில் சொம்பைக் காட்டுவதா, ரிப்பனைச் சொல்வதா?