குட்டி மதரும் என் கைக்குட்டையும்

என் சின்னவளுக்கு,

அம்மா நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். விழுங்கும் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணை நான் விரட்டிவிட்டேன் என்று உன் அண்ணன் போனில் சொன்னானாம். விரட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் வாயைத் தொடு என்றேன், அவள் கழுவப் போனாள், அந்த நேரம் பார்த்து உன் அண்ணன் வந்து காலி நாற்காலியைப் பார்த்தான், அவ்வளவுதான் கதை.

நல்ல பெண், ஆனால் பொல்லாதவள். எங்கள் கான்வென்ட் மதர் மாதிரியே கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள், அதனால் குட்டி மதர் என்று பேர் வைத்திருக்கிறேன், அவளுக்கும் தெரியும். ரேடியேஷனில் கட்டி கரைந்துவிட்டது, தொண்டைதான் மரக்கட்டையாகிவிட்டது, வயிற்றில் போட்ட டியூப் வழியாகத்தான் இன்னும் சாப்பாடு போகிறது. சாப்பாட்டு மேஜையில் என் நாற்காலியில் உன் அண்ணி இஸ்திரி போட்ட துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வாயால் ஒழுங்காக விழுங்கினால்தான் டியூப் போகும், டியூப் போனால்தான் நாற்காலி.

அதற்கு அவள் சொல்லும் பயிற்சியைக் கேள். நாக்கை வெளியே நீட்டிப் பல்லால் கவ்விக்கொண்டே எச்சிலை விழுங்க வேண்டுமாம், என் வயதில். நான் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நாக்கை உள்ளேயே வைத்திருந்தேன். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தால் சத்தமில்லாமல் விழுங்குவேன், இருமல் வந்தால் அடக்கிக்கொள்வேன், கான்வென்ட்டில் சாப்பாட்டு மேஜையில் இருமினால் பிரம்படி என்று வளர்ந்தவள் அல்லவா. போன வாரம் என் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்துவிட்டாள். கைக்குட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது, இருமித் தள்ளாவிட்டால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்றாள். "மரியாதையா விழுங்கினா டியூப்போடவேதான் இருப்பீங்கம்மா. நல்லா அசிங்கமா இருமுங்க."

என்னிடம் உன் அப்பாகூட அப்படிப் பேசியதில்லை. கோபத்தில் இருமினேன் பார், சமையலறையிலிருந்து உன் அண்ணி கரண்டியோடு ஓடி வந்தாள். இப்போது கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டுகிறேன், கதவை மட்டும் சாத்திக்கொள்வேன். நேற்று மசித்த வாழைப்பழம் கால் கிண்ணம் இறங்கியது. ருசி சுவரை நக்கினது போலத்தான், ஆனால் இறங்கியது. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே திரை முன் உட்காரவைத்து விழுங்கச் சொல்வார்கள், அதில் தேறினால் டியூப்பை எடுத்துவிடுவார்களாம். நான் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை, இருந்தாலும் இதற்குப் பயமாக இருக்கிறது, உன் அண்ணனிடம் சொல்லிவைக்காதே. இன்று காலை பார்த்தால் என் நாற்காலியில் துணி இல்லை. நான் கேட்காமலே உன் அண்ணி எடுத்து வைத்திருக்கிறாள்.

நின்றுகொண்டே சாப்பிடாதே, நன்றாக மென்று சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நீடூழி இரு. போனில் என் குரல் உனக்குப் புரிவதில்லை, என்னம்மா என்னம்மா என்று கேட்டே நேரம் போகிறது. பரீட்சைக்கு முன்னால் கிடைக்கும்படி, உன் கையால் ஒரு பதில் எழுது.

அம்மா