பிடிக்குள் சோப்பு

ஓசூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பொற்கொடி,

நீ எப்படி இருக்கிறாய்? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் சுகம்.

போனில் பேசினால் அறையில் நாலு பேர் காதில் விழும், அதனால்தான் கடிதம். நான் செய்துகொண்டிருந்த ஷேவிங் பிரஷ் தேறிவிட்டது. பிடிக்குள்ளேயே கரைத்த சோப்பு இருக்கிறது. அடியைத் திருகினால் முடிக்கு நடுவே தானாக வந்து நுரைக்கிறது. கம்பெனியில் தெரிந்தால் நாளைக்கே மோல்டு போட்டுத் தங்கள் பெயரில் விற்றுவிடுவார்கள். கூடத் தங்கியிருக்கும் மாதேஷ் மேல்தான் எனக்குச் சந்தேகம். நான் பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டதும் அவன் செருப்புச் சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுகிறது.

பிரஷைச் சோதிக்க தினமும் இரண்டு வேளை ஷேவ் செய்கிறேன். நேற்று கேட்டேவிட்டான்.

"ஏன்ணா, அண்ணி ஊர்ல இருக்குது. நீ யாருக்காவ ரெண்டு வேளயும் மழமழன்னு ஷேவ் பண்ணிகினு இருக்க?"

பிரஷ் விஷயத்தை அவனிடம் சொல்ல முடியுமா? "இங்க ஒருத்தி இருக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். நம்பிவிட்டான். அப்போதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என் போன் கெட்டிருந்தபோது அவன் போனிலிருந்துதானே உன்னிடம் பேசினேன்? உன் நம்பர் அவனிடம் இருக்கிறது.

கன்னம் எரிகிறது, தேங்காய் எண்ணெய் கொஞ்சம் அனுப்பு. இங்கே குளிர். போர்வை புதிதாக வாங்காதே, நீ போர்த்துகிற பச்சைப் போர்வையே போதும்.

மாதேஷ் கூப்பிட்டால் கொஞ்சம் அழுதுவிடு. சிரித்தால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். போனை வைத்ததும் நிறுத்திவிட வேண்டும், தெரிந்ததா?

உன்,
பேச்சிமுத்து