கோட்டுப் பையில் உருளைக்கிழங்கு

இன்று காலை குளிர்க்கோட்டை எடுத்து உதறினேன். போன குளிர்காலத்தில் பையில் மறந்துபோன உருளைக்கிழங்கு ஒன்று, முளைவிட்டு, விழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது. மண் மணம். தனியே நின்று சிரித்தேன், மச்சான். நீ போன பிறகு வந்த முதல் குளிர்காலம் இது.

சுவிஸில், துன் ஏரிக்கு மேலே, மலை ஹோட்டலில் நாம் தட்டுக் கழுவிய காலம். நான் யாழ்ப்பாணத்துச் சமதரைக்காரன். நீ அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்தவன். ஜன்னல் அதிரக் காற்றடித்தாலும் அசையமாட்டாய்.

"இதெல்லாம் ஒரு காத்தா? மார்கழியில எங்க மலைக்கு வந்து பாரு. லயத்து வீட்டுக் கூரைத் தகரம் அடுத்த தோட்டத்துல போய்க் கிடக்கும்."

நான் விடுவேனா? "ஓமோம், உங்கட காத்து பிளேனும் ஓட்டும்."

தலைநகர் பேர்ணில் உனக்கு அகதி விசாரணை என்ற நாளில்தான் புயல் வந்தது. போகாவிட்டால் வழக்கை மூடித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரிலிருந்த மனைவியைக் கூப்பிடும் நினைப்பும் அதோடு சரி. கேபிள் கார் நின்றுவிட்டது. தொலைபேசியும் செத்துவிட்டது. நடந்தே இறங்குவேன் என்றாய். செஃப் தலையில் கை வைத்தார். நீயோ சமையலறைச் சாக்கிலிருந்து கிழங்குகளை எடுத்துக் கோட்டுப் பைகளில் திணித்துக்கொண்டிருந்தாய்.

"என்னடாப்பா, விசாரணைக்காரருக்குக் கறி வைக்கப் போறியோ?"

"எங்க மலையில வெறுங் கொழுந்துக்கூடையோட போனா காத்து ஆளையே தள்ளிரும். எங்கம்மா கனத்துக்குக் கூடைக்குள்ள கல்லுப் போட்டுக்கும். கிழங்குன்னா பசிச்சாத் திங்கவும் செய்யலாம்."

வயிறு நோகச் சிரித்தபடி உன்னோடு வந்தேன். முதல் வளைவிலேயே காற்று என்னைப் பனியில் குப்புறத் தள்ளியது. நீ சிரிக்கவில்லை. உன் கிழங்கில் பாதியை என் பையில் போட்டு, என் கையை உன் கைக்குள் இறுக்கிக்கொண்டாய். காற்று அடித்தபோது குந்தினோம், ஓய்ந்தபோது நடந்தோம். அடிவாரத்தில் ரயிலில் ஏறியபிறகுதான் வாய் திறந்தாய்:

"பிளேன் எப்புடி ஓடுச்சு, மச்சான்?"

விசாரணை மேசையிலும் உன் பை புடைத்தபடியே இருந்ததாம். அதிகாரி சந்தேகப்பட்டுக் கேட்க, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாயாம். அதைப் பார்த்துத்தான் தந்தார்களோ தெரியாது, விசா கிடைத்தது. மனைவியும் வந்தாள். அவளோடு வாழச் சில குளிர்காலங்களும் கிடைத்தன. காற்றடிக்கும் நாளில் பையில் கிழங்கு போடுவது நம் இருவருக்கும் பழக்கமாயிற்று. பிறகு உன் நெஞ்சு அவசரப்பட்டு நின்றுவிட்டது.

இன்றும் துன்னில் நல்ல காற்று. வேலைக்குப் புறப்பட்ட உன் மனைவியை அவள் வாசலில் மறித்து, கைப்பைக்குள் இரண்டு கிழங்கு போட்டேன்.

"எனக்கெதுக்குண்ணே? நானே நல்ல கனம்" என்றாள்.

நீ போன பிறகு அவள் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். கிழங்கைத் திருப்பித் தரவில்லை. என் பையிலும் இரண்டு இருக்கிறது, மச்சான்.