நான் வாய் திறக்காத ஒரு மணி நேரம்

அக்டோபர் 3, செவ்வாய்

காலையில் நீதிமன்றம். மதியம் பிரசவ வார்டு. மாலையில் ஒரு இரங்கல் பூசை. மூன்று இடத்திலும் நான் பேசியதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. நீதிமன்றத்தில் "நான் அவளை அடிக்கவில்லை" என்றேன். வார்டில் "இனி தாங்க முடியாது, ஏதாவது செய்யுங்கள்" என்றேன். கோயிலில் பாதிரியார் வாயிலிருந்து வந்ததையெல்லாம் கையால் சொன்னேன். சைகை மொழிபெயர்ப்பாளர் என்றால் இதுதான். வீடு திரும்பும்போது தொண்டையும் வலி, மணிக்கட்டும் வலி.

அம்மா சோளம் வேகவைத்து வைத்திருந்தாள். "சாப்பிடு. மூஞ்சி செத்துப்போய்க் கிடக்கு" என்றாள் கையால். பதில் சொல்லக் கை எழவில்லை. அம்மாவுக்கும் காது கேட்காது, அப்பா இருந்தவரை அவருக்கும் கேட்டதில்லை. அவர்களுக்குக் காது கேட்கிற ஒரே பிள்ளையாக நான் பிறந்தேன். நாலு வயதில் தொடங்கிய வேலை. இப்போது நாற்பத்து நாலு.

அக்டோபர் 9, திங்கள்

எஃப்ராயின் கூப்பிட்டார். ஆற்றங்கரையில் இருக்கும் கலை அரங்கத்தை நடத்துகிறவர். இம்மாதம் 27ஆம் தேதி "ஓரத்துக் குரல்கள்" என்று ஒரு மாலை. நாலு நிகழ்த்துகலைகள். கடைசியாக யாதிரா.

யாதிராவைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். காது கேளாதவள். தையல் கூடத்தில் வேலை. கையும் உடம்பும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கதை சொல்லப் போகிறாளாம். நான் மைக்கில் அதைப் பேச்சாக்க வேண்டும்.

"நீங்க இல்லேன்னா அந்தப் பொண்ணுக்குக் குரலே இல்ல, நொயெமி" என்றார். ஒத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் எங்கேயோ உறுத்தியது. எங்கே என்று பார்க்கத் தெம்பு இல்லை.

அக்டோபர் 14, சனி

ஒத்திகைக்குப் போனேன். யாதிரா என்னை மேடையோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் மைக்கைக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "நீ பேச வேண்டாம்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"பன்னண்டு வருசம் ஸ்கூல்ல டீச்சர் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் புரியல. கைய அசைச்சா ஸ்கேலால அடி. காது கேக்கறவங்க ஒரு மணி நேரம் அப்படி உக்காரட்டும். செத்துற மாட்டாங்க."

"அப்ப நான் எதுக்கு?"

"நீ இருக்கணும். அவங்க உன்னப் பாக்கணும். வேணும்னா பேசலாம், ஆனா பேசல — அது தெரியணும்." அப்புறம் சிரித்தாள். "உனக்கும் ஒரு நாள் லீவு."

லீவாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருசமா உங்களுக்காகத்தானே வாய் கிழியப் பேசுறேன்? இப்ப நான் காட்சிப் பொருளா? பேருந்தில் வரும்போதும் கோபம் ஆறவில்லை. பேசாமல் உட்கார்ந்தால் நான் யார்? இதை எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது, ஆனால் கேள்வி அதுதான்.

இருந்தும் அவளிடம் "சரி" என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 20, வெள்ளி

எஃப்ராயினுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "போஸ்டர்ல 'குரல்பெயர்ப்புடன்'னு போட்டாச்சு. நகராட்சியில இருந்து ஆளுங்க வர்றாங்க. அவ அப்படித்தான் சொல்லுவா, கலைஞர்கள் அப்படித்தான். நீங்க பேசிடுங்க. என் மானத்த வாங்கிடாதீங்க."

அவரிடமும் "சரி" என்றேன்.

இரண்டு பேருக்கும் சரி. யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமே இல்லையே. எவர் சொன்னதையும் அப்படியே இன்னொருவரிடம் சேர்க்கிற வாய்க்கு "இல்லை" எங்கிருந்து வரும்?

அக்டோபர் 22, ஞாயிறு

தூங்கினேன். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 26, வியாழன்

அம்மா தன் நீலச் சால்வையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு அரங்கத்துக்கு வருகிறாளாம். எழுபது வயதில் முதல் தடவை. அவளை உள்ளே விடாத இடமில்லை. போனால் என்ன புரியும் என்று அவளாகவே போனதில்லை.

இரண்டு மாதமாகச் சனிக்கிழமைகளில் அவள் யாதிரா வீட்டுக்குப் போனது தைக்க இல்லையாம். காது கேளாதோர் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் யாதிராவுக்குத் தங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீயும் சொன்னியா? என்ன சொன்ன?"

"வந்து பாரு" என்றுவிட்டுச் சால்வையை மடித்தாள்.

அக்டோபர் 28, சனி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழு மணிக்கு யாதிராவின் முறை. கைகள் தெரிய வேண்டும் என்று கறுப்பு உடை. முன்வரிசைகளில் சங்கத்து ஆட்கள், நடுவில் அம்மா. பின்னால் அரங்கம் நிறையக் காது கேட்கிறவர்கள். மேடையோர நாற்காலியில் நான், கையில் மைக். மைக் வேலை செய்துகொண்டிருந்தது. நான் விடுகிற மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டது.

பத்து நிமிடம் பொறுத்தார்கள். அப்புறம் முணுமுணுப்பு. "என்ன சொல்றா அவ? அந்தம்மாவப் பேசச் சொல்லுங்கய்யா! தூங்குறாங்களா?" என்று ஒருவர் கத்தினார். மேடை மறைவிலிருந்து எஃப்ராயின் தன் வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பேசு, பேசு.

மறைப்பானேன். வாயைத் திறந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து யாதிரா ஸ்கூல் கதையில் ஒரு கன்னியாஸ்திரீயின் வாய் போகிற போக்கை நடித்துக் காட்டினாள். முன்வரிசைகள் வெடித்துச் சிரித்தன. அடக்கிப் பழகாத சிரிப்பு. அதிலும் அம்மாவுடையது எல்லாவற்றையும் விடச் சத்தம். பின்னாலிருந்தவர்கள் கழுத்தை நீட்டி அவர்களைப் பார்த்தார்கள். என்ன நகைச்சுவை, நமக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்கிற முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு கல்யாண விருந்திலும் அம்மா முகம் அப்படித்தான் இருக்கும். நான் "அப்புறம் சொல்றேன்" என்பேன், சொல்ல மறந்துவிடுவேன்.

வாயை மூடிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து போனார்கள். நகராட்சிக்காரர்களும்தான்.

கடைசிக் கதை. யாதிரா முட்டி போட்டுச் சின்னப் பெண்ணானாள். ஆஸ்பத்திரி நடை. அண்ணாந்து ஒரு டாக்டரைப் பார்க்கிறாள். டாக்டர் வாய் வெகுநேரம் அசைகிறது. பெண் திரும்பித் தன் அம்மாவிடம் கையால் சொல்கிறாள்: "அப்பா அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துருவாராம்."

அது நான். எனக்கு ஒன்பது வயது.

டாக்டர் சொன்னது அது இல்லை. புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, ஒரு வாரம் தாங்காது, அம்மாவிடம் சொல்லிவிடு பாப்பா என்றார். நான் மாற்றிச் சொன்னேன். ஆறாம் நாள் அப்பா போய்விட்டார். அம்மா அவரிடம் விடைகூடப் பெற முடியாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று முப்பத்தைந்து வருசம் — யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

யாதிரா எழுந்தாள். இப்போது அவள் என் அம்மா. "கை ஒண்ணு சொல்லுச்சு. மூஞ்சி வேற சொல்லுச்சு. நான் மூஞ்சியப் படிச்சேன். அன்னிக்கே அவருகிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன், அவரும் சொல்லிட்டாரு. பிள்ளகிட்ட மட்டும் நம்பின மாதிரி இருந்தேன். அவ்வளவு பெரிய சேதியத் தூக்கிக்கிட்டு நிக்குது, அதுக்கு மேல நான் என்னத்த ஏத்துறது?"

எஃப்ராயின் இன்னும் கைகாட்டிக்கொண்டிருந்தார். அழுதேன். மைக் அதை எடுத்துக்கொண்டது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒலிபெருக்கி வழியே மக்களுக்குக் கிடைத்தது அது மட்டும்தான்.

முடிந்ததும் முன்வரிசைகள் இரு கைகளையும் தூக்கி அசைத்தன, அதுதான் அவர்கள் கைதட்டல். பின்னால் சிலர் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

அக்டோபர் 29, ஞாயிறு

எஃப்ராயின் போன். "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்க. இனி உங்களக் கூப்பிட மாட்டேன்." சரி என்றேன்.

யாதிரா காணொளியில் வந்தாள். "கோவமா? முன்னாடியே உன்கிட்ட சொல்லணும்னேன். உங்கம்மாதான் வேணாம்னுட்டாங்க."

கோபம்தான். என் கதையை என்னைக் கேட்காமல் மேடையேற்றிவிட்டாள். அது அம்மாவின் கதையும்தான் என்பது சாயங்காலம்தான் உறைத்தது.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். அப்பாவுக்குப் பூ வைத்துவிட்டு, மதிலோரம் உட்கார்ந்து, இந்த நாளுக்கென்றே காய்ச்சும் கருஞ்சிவப்புக் கஞ்சி குடித்தோம். கூட்டத்தில் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கையால்.

"உனக்குத் தெரியும்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மொதல்ல நீ சின்னப் பிள்ள." கோப்பையைக் கீழே வைத்தாள். கை இரண்டும் வேண்டியிருந்தது. "அப்புறம் பயம். சொன்னா நீ இந்த வேலைய விட்டுருவியோன்னு. நீ இல்லாம எனக்கு டாக்டர் ஏது, கட ஏது, பக்கத்து வீட்டுக்காரி ஏது? தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். அது என் தப்பு."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் தோளோடு சாய்ந்துகொண்டேன். இரண்டு பேருக்குமே அலுப்பு.

நவம்பர் 16, வியாழன்

யாதிரா அடுத்த மாதம் லோகா ஊரில் நிகழ்த்துகிறாள். மேடையோர நாற்காலியில் இன்னொருத்தி உட்காருவாளாம். நல்லது.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் புகை மாதிரி தெரிகிறதாம். டாக்டரிடம் நாள் வாங்கினேன். பிறகு சங்கத்து மொழிபெயர்ப்பாளர் யெசேனியாவைக் கூப்பிட்டேன்.

"உங்கம்மாவுக்கா? நீங்கதான் இருக்கீங்களே அக்கா, உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நானும் வருவேன். மகளா வருவேன்."

டிசம்பர் 5, செவ்வாய்

கண் டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். அம்மாவைக் காட்டினேன். யெசேனியாவின் கைகள் தொடங்கியதும் என் விரல்கள் மடியில் தாமாக அசைந்தன. அம்மாவின் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காதை மூட முடியாது. ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கேள்வி கேட்டாள். நான் மொழிபெயர்த்த எந்த டாக்டரிடமும் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. சரி, சரி என்று தலையாட்டுவாள். இன்று மூன்று. மூன்றாவது: "பார்வை போயிருச்சுன்னா நான் யார்கூடயும் பேச முடியாதே. அப்படி ஆகுமா?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பார்த்து, நிதானமாகப் பதில் சொன்னார்.

வெளியே வந்து கூரைக்கடியில் நின்றோம். அம்மா என் முழங்கையைத் தட்டினாள். இரண்டு கண்ணிலும் புரை, ஜனவரியில் அறுவை சிகிச்சை, ஒரு கண் முதலில், மற்றது ஒரு மாதம் கழித்து, பயப்பட ஒன்றுமில்லை, சொட்டு மருந்து மட்டும் விடாமல் போட வேண்டும் — எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை, நான் அந்த அறையிலேயே இல்லாதது போல, பொறுமையாகச் சொன்னாள்.

நடுவில் குறுக்கிடவில்லை. கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியா" என்றேன்.