மேலே இருப்பதுதான் நல்லது

மார்ச் 4
காலையில் ஒரே நொடியில் இரண்டு பேர் எங்கள் தையல் மெஷின் பாகக் கடையின் இணையதளத்தில் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருடையது பதிவானது, மற்றவருடையது மாயமாகிவிட்டது. மாயமானவர் போன் போட்டுத் திட்டிய பிறகுதான் இரண்டு பேர் என்பதே தெரிந்தது. பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன் தானே எழுதிய தளம் வேறு எப்படி இருக்கும்? பாகம் ஒன்றுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்; பதினான்கு வருடத்தில் இரண்டாயிரத்து முந்நூறு ஃபைல்.

இருபத்தேழாம் தேதி கண்புரை ஆபரேஷன். இரண்டு வாரம் திரையைப் பார்க்கக் கூடாதாம். அந்த ஃபைல்களைத் திறந்து திருத்தத் தெரிந்த ஒரே மேதை நான்.

மார்ச் 6
மகள் லீவு போட்டு வந்துவிட்டாள். அவள் வேலையே இதுதான், பெரிய கம்பெனிகளின் தகவலை இடம் மாற்றுவது. என் ஃபைல்களை ஒரு மணி நேரம் பார்த்தாள்.

“அப்பா, பெல்ட்-புதுசு, பெல்ட்-புதுசு-கடைசி, பெல்ட்-இதுதான்-கடைசி. இதுல எது கடைசி?”

“பெல்ட்-புதுசு.”

தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மார்ச் 9
எல்லாவற்றையும் டேட்டாபேசுக்கு மாற்றப் போகிறாளாம். என்னைக் கேட்டாள். கேட்பது போல்தான் இருந்தது.

மார்ச் 12
பாடம் நடந்தது. பாகங்கள் ஒரு அட்டவணையில், கம்பெனிகள் இன்னொன்றில், எது எந்த மெஷினுக்குப் பொருந்தும் என்பது மூன்றாவதில். ஒரு விஷயம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டுமாம். அடிநூல் கண்டு மாட்டும் ஒரே பாபின் கேஸை, நாற்பது மெஷினுக்குப் பொருந்தும் என்று நாற்பது ஃபைலில் நகலெடுத்து வைத்தவனிடம் சொல்கிறாள். புரிந்த மாதிரி தலையாட்டினேன். இந்த வித்தையைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டவன் நான்.

மார்ச் 16
மாற்றியாகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, பறக்கிறது. இரண்டு ஜன்னலில் ஒரே சமயத்தில் ஆர்டர் போட்டுப் பார்த்தேன். இரண்டும் பத்திரமாக வந்தன. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மார்ச் 19
போச்சு.

பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் பட்டறைக்காரர் போன் செய்தார். முப்பது மெஷின், எங்கள் கடையின் பாதி வியாபாரம் அவர்தான். “அண்ணே, என்ன பாபின் கேஸ் அனுப்பினீங்க? பதினோரு மெஷின்ல நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்.”

கோபத்தில் மகளைப் பிடித்துக்கொண்டேன். “உன் டேட்டாபேஸ்தான் கெடுத்துச்சு.” அவள் பழைய ஃபைலையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் பாபின் கேஸ் செய்யும் அதே நான்கு கம்பெனிகள். ஒன்றும் குறையவில்லை. பொட்டலம் கட்டும் என் மனைவிதான் பொறுமையாகக் கேட்டாள்: “எப்பவும் மேல இருக்கறதத்தானே எடுப்பேன்? இப்பவும் அதத்தானே எடுத்தேன்?”

அப்போதுதான் உறைத்தது. நல்ல கம்பெனியை முதல் வரியில் போடுவது என் பழக்கம். எங்கும் எழுதி வைத்ததில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. டேட்டாபேசுக்கு மேல் வரி, கீழ் வரி எல்லாம் கிடையாதாம். அகர வரிசையில் காட்டு என்று மகள் சொல்லியிருக்கிறாள், மட்டமான சரக்கு மேலே வந்து உட்கார்ந்துவிட்டது.

“இது ஒரு தகவல்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?” என்றாள் மகள். எனக்கே இப்போதுதானே தெரிந்தது.

மார்ச் 20
நல்ல கேஸ்களை நானே எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் மாட்டிவிட்டு வந்தேன். பட்டறைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 21
மகள் ஒவ்வொரு பாகத்துக்கும் திரையில் இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறாள்: எது முதலில், ஏன். நான் நிரப்ப வேண்டும். ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு நாள்.

மார்ச் 24
‘எது முதலில்’ சுலபம். ‘ஏன்’ வந்ததும் தட்டச்சு நின்றுவிடுகிறது. துணிக்கு அடியில் ஊசி இறங்கும் ஊசித் தட்டில் ஒரு கம்பெனி ஏன் எட்டு வருடமாக மேலே இருக்கிறது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த ஏஜென்ட் நன்றாகப் பேசுவான். இதை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது? ‘உறுதியானது’ என்று எழுதிவிட்டேன்.

மார்ச் 26
முடித்தேன். கண் எரிகிறது. நாளை எப்படியும் பிடுங்கிப் போடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 27
பிடுங்கவில்லை, லென்ஸ் வைத்தார்களாம். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நல்ல வார்த்தையாகச் சொல்லுங்கள் என்கிறாள். நல்ல வார்த்தை.

ஏப்ரல் 12
இன்று திரை பார்க்கலாம் என்றார் டாக்டர். பதினாறு நாளில் கடையிலிருந்து ஒரு சந்தேகம்கூட என்னிடம் வரவில்லை. மரியாதைக்காகவாவது ஒன்று கேட்டிருக்கலாம்.

மதியம் பட்டறைக்காரரின் போன். தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன். “கண்ணு எப்படி இருக்குண்ணே? சரி, கொஞ்சம் அண்ணிகிட்ட குடுங்க.”

மனைவி திரையைப் பார்த்துப் படித்தாள்: “கெட்டித் துணின்னா ரெண்டாவது கம்பெனி ஊசித் தட்டு எடுத்துக்குங்க. மொதலாவது ஆறு மாசத்துல தேஞ்சிரும்.” அது நான் எழுதியதல்ல. போனை வைத்ததும் கேட்டேன்.

“நான்தான் மாத்துனேன். திரும்பி வர்ற பொட்டலத்தப் பிரிக்கறது யாரு, நீங்களா?”

“இது ஒண்ணுதானா?”

“நாப்பத்தொண்ணு.”

அவள் சாப்பிடப் போனதும் நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எதையாவது பழையபடி மாற்ற முடியுமா என்று பார்த்தேன். ஒன்றில்கூடத் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.